மெக்கின்சி கம்பெனிய உண்மையில வளர்த்தது யாரு?

ரவுண்டானா:
எம்பிஏ முதல் வருஷம். நாளைக்கு கிளாஸ்ல மெக்கின்சி (மத்த கம்பெனிகளுக்கு யோசனை சொல்ற கன்சல்டிங் கம்பெனி) நிறுவனர் பத்தி 5 நிமிஷம் பேசணும். ஒருத்தன் ஜேம்ஸ் மெக்கின்சிங்கறான், இன்னொருத்தன் மார்வின் பௌவர்தான் எல்லாம்ங்கறான். மெக்கின்சி 1937லயே போய்ட்டாராமே, அப்ப யார பத்திதான் பேசறது?

பழைய_பேரேடு:
ஆரம்பிச்சது மெக்கின்சிதான் தம்பி. சிகாகோ யுனிவர்சிட்டில அக்கவுண்டிங் வாத்தியார், அப்பல்லாம் கணக்குன்னா முடிஞ்ச வருஷத்த எழுதி மூடி வைக்கறதுதான், இவருதான் வர்ற வருஷத்துக்கு பட்ஜெட் போடு, அத வெச்சு முதலாளி முடிவெடுக்கட்டும்னு 1922ல புக்கே போட்டாரு. 1926ல சிகாகோல கம்பெனி. 1935ல அதே ஊர்ல மார்ஷல் ஃபீல்டுனு பெரிய கடை, நஷ்டத்துல கிடந்துச்சு. அதோட ஹோல்சேல் பிரிவ மூடுங்கன்னு ரிப்போர்ட் குடுத்தாரு, அப்ப நீங்களே வந்து பண்ணுங்கன்னு சேர்மன் சீட்ல உக்கார வெச்சுட்டாங்க. மூடுனாரு, ஏகப்பட்ட பேருக்கு வேலை போச்சு, கடை முழுக்க வசவு. அடுத்தவனுக்கு யோசனை சொல்றத விட நாமளே முடிவெடுக்கறது எவ்ளோ கஷ்டம்னு அவரே நொந்துக்கிட்டாரு. ரெண்டே வருஷம், நிமோனியா, 48 வயசுல முடிஞ்சுது.

ஜீரோ_பேலன்ஸ்:
அண்ணே, அவரோட போயிருந்தா இன்னைக்கு யாருக்கும் அந்த பேரே தெரியாது. பௌவர் வக்கீல். 1930கள்ல திவாலான கம்பெனிகளுக்கு கடன் குடுத்தவங்க பக்கம் வேலை பாத்தப்ப ஒண்ணு கவனிச்சாரு, கீழ இருக்கறவனுக்கு பிரச்னை என்னன்னு தெரியும், ஆனா மேல போய் சொல்ல பயம், அதனால முதலாளிக்கு ஒண்ணுமே தெரியாது. 1933ல மெக்கின்சில சேந்தாரு. மெக்கின்சி செத்ததும் கம்பெனி ரெண்டாச்சு, சிகாகோ பக்கம் பார்ட்னர் கியர்னி கைல, நியூயார்க் பக்கம் இவரு கைல. தன் பேர வெச்சா எல்லா கிளையண்டும் நீயே வான்னு நிப்பான்னு செத்தவர் பேரையே விட்டுட்டாரு. 1963ல 60 வயசு ஆனதும் தன் பங்க வெறும் கணக்கு புத்தகத்துல இருந்த மதிப்புக்கே கம்பெனிக்கு வித்துட்டாரு, வெளிய வித்திருந்தா எங்கயோ போயிருப்பாரு.

அப்புறம் பௌவர் காலத்துல ஆபீஸ்ல இருந்த சாக்ஸ் ரூல். கால் மேல கால் போட்டா முழங்காலுக்கு கீழ தோல் தெரியக்கூடாதாம், நீள சாக்ஸ்தான் போடணுமாம். அப்ப தொப்பியும் கட்டாயமா இருந்துச்சு.

குட்டிச்சுவரு:
கீழ இருக்கறவன்ட்ட கேக்கணும்னு அவரு சொன்னதெல்லாம் சரி, எங்க ஆபீஸ்க்கு ஒரு கன்சல்டன்சி வந்துச்சு (பேர் வேணாம்), மூணு மாசம் எங்ககிட்டயே கேட்டு எழுதி, அதையே கலர் கலரா ஸ்லைடு போட்டு எம்டிகிட்ட காட்டி, கடைசில எங்க செக்‌ஷனயே தூக்கிட்டானுங்க. அதுல ஒருத்தனாவது அந்த மெக்கின்சி மாதிரி சீட்ல வந்து உக்காந்தானா? அதனால என் ஓட்டு பழைய_பேரேடுக்குதான்.

ரவுண்டானா:
நன்றிண்ணா எல்லாருக்கும். மார்ஷல் ஃபீல்டு கதைல ஆரம்பிச்சு பேர் மேட்டர்ல முடிச்சுக்கறேன். சாக்ஸ் வேணாம், எங்க சாரு எப்பவும் செருப்புதான்.