யூக்கனில் கிரிஸ்லி வேட்டை: .30-06 போதுமா, .375 வேணுமா? கையால் அடைக்கிற ரவை பற்றியும் கேள்வி

வெள்ளவத்தை_வாசன்:

அண்ணைமாருக்கு வணக்கம். செப்டெம்பரில் கனடாவின் யூக்கனில் கிரிஸ்லி கரடி வேட்டைக்கு ஒழுங்கு செய்திருக்கு. ரொறன்ரோ மச்சானும் கூட வாறார். அவரிடம் இரண்டு துவக்கு: ஒன்று .30-06, மற்றது .375 எச் அன்ட் எச் மக்னம். மச்சான் ரவையைத் தானே அடைக்கிறவர், ஆனால் இதுவரை மான், மூஸுக்கு மட்டும்தான். கொழும்பில் எனக்குப் பழக்கம் கழகத்தில் சுடுகிற .22 மட்டும்.

1. இந்த இரண்டில் எதை எடுக்கலாம்? .338 வாங்கச் சொல்லியும் சிலர் சொல்கினம்.
2. சன்னம் (ரவையின் முனையிலிருந்து பறக்கிற குண்டு) எத்தனை கிரெயின் (அதன் எடை அளவு), எந்த வகை?
3. கடை ரவையா, கையால் அடைச்சதா? அடைச்சால் எங்கே பிழைக்கும்?
4. தோலைக் கொழும்புக்குக் கொண்டுவர ஏலுமா?

கொட்டாஞ்சேனை_ரைபிள்:

தம்பி, முதலில் சட்டம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிரிஸ்லி வேட்டையை 2017 டிசெம்பரில் மூடிவிட்டார்கள், அங்குள்ள பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு. அலாஸ்கா தவிர்ந்த அமெரிக்க மாநிலங்களில் 1975இலிருந்து பாதுகாக்கப்பட்ட விலங்கு. நீங்கள் யூக்கனைத் தெரிவு செய்தது சரி. ஆனால் கனடியக் குடியுரிமை இல்லாதவர் அங்கே பதிவு பெற்ற வேட்டை ஒழுங்கமைப்பாளர் மூலமாகத்தான் போகவேணும். மச்சான் கூட வாறது அதற்கு ஈடாகாது. துவக்கை நீங்கள் கொண்டுபோகாமல் மச்சானுடையதைப் பாவிக்கிறதென்றால், உரிமம் உள்ள அவர் பக்கத்தில் நின்று நேரடியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேணும்.

இனித் துவக்கு. .30-06இல் 220 கிரெயின் சன்னம் குழலை விட்டு செக்கனுக்குச் சுமார் 2400 அடி வேகத்தில் வெளிப்படும், சக்தி 2800 அடி-இறாத்தல். .338 வின்செஸ்டர் மக்னத்தில் 250 கிரெயின், 2650 அடி, 3900. .375இல் 300 கிரெயின், 2530 அடி, 4260. கடதாசியில் .375 வெல்லுது. ஆனால் அதன் உதை .30-06இனுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. .22 மட்டும் சுட்டுப் பழகின தோள் மூன்றாவது வெடியிலேயே பயப்படத் தொடங்கும். பயந்த தோள் விசையை இழுக்காது, வெட்டும். கண்ணும் மூடும். வெடி ஒரு சாண் விலகினால் கரடி காயத்தோடு பற்றைக்குள் போகும். அதைத் தேடிப் பின்னால் போகவேண்டியது வழிகாட்டி.

என் முடிவு இது: ஆகஸ்டில் ரொறன்ரோவில் குறைந்தது மூன்று கிழமை நின்று .375ஐ நின்றபடி, முழங்காலில், தடியில் சாய்த்து என்று மூன்று விதத்திலும் சுட முடிந்தால் அதை எடுங்கோ. ஒரு நாளைக்கு 10 வெடிக்கு மேல் வேண்டாம், மிச்ச நேரம் .22இலேயே பழகுங்கோ. 100 யாரில் ஆறு அங்குல வட்டத்துக்குள் ஐந்து வெடியும் விழாவிட்டால் .30-06ஓடு போங்கோ. நல்ல 200 அல்லது 220 கிரெயின் சன்னத்தோடு அது உள்நாட்டுக் கிரிஸ்லிக்குப் போதும். அலாஸ்காக் கரையோரத்தில் சல்மன் தின்று வளர்கிற கரடி வேறு அளவு. யூக்கன் மலைக் கரடி அந்தளவுக்கு வளராது. .338 நல்ல ரவைதான், ஆனால் வேட்டைக்கு இரண்டு மாதம் இருக்கப் புதுத் துவக்கு வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பம்பலப்பிட்டி_சேகர்:

கொட்டாஞ்சேனை அண்ணை சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். சன்னத்தைப் பற்றி மட்டும் சொல்லுறன், ஏனென்றால் கூடுதலாய்ப் பிழைக்கிற இடம் அதுதான்.

மான் வேட்டைக்கு விற்கிற மெல்லிய உறைச் சன்னம் விரைவாக விரிந்து உடையும். மானின் மெல்லிய விலாவுக்கு அது நல்லது. கிரிஸ்லியின் தோளில் தடித்த தோல், கொழுப்பு, கட்டித் தசை, அதன் கீழ் பெரிய எலும்பு. மெல்லிய சன்னம் அதிலேயே சிதறி நெஞ்சறைக்குள் போகாமல் நின்றுவிடும். தேவை: எடை இழக்காமல், தோள் எலும்பை உடைச்சுக்கொண்டு, நேராகப் போகிற சன்னம்.

நொஸ்லர் பார்ட்டிஷனுக்கு நடுவில் ஒரு செப்புத் தடுப்பு இருக்கு. முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் ஊடுருவும். எடையில் மூன்றில் இரண்டு பங்களவு மிஞ்சும். சுவிஃப்ட் ஏ-ஃப்ரேமும் அதே அமைப்புத்தான், ஆனால் முன்பாதி ஈயம் உறையோடு ஒட்டப்பட்டிருப்பதால் 90 வீதத்துக்கு மேல் மிஞ்சும். பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் முழுச்செப்பு, கிட்டத்தட்ட எடையே குறையாது. .375க்கு என் தெரிவு 300 கிரெயின் ஏ-ஃப்ரேம். .30-06க்கு 200 கிரெயின் பார்ட்டிஷன். 220ஐ விட அது கொஞ்சம் தட்டையாகப் பறக்கும், ஊடுருவலில் நட்டமில்லை.

பார்வையை 100 யாரில் சுமார் 2 அங்குலம் மேலே வையுங்கோ, 200 யாரில் நடுவில் விழும். ஆனால் 200 யாரில் கிரிஸ்லிக்குச் சுடாதேங்கோ. 100க்குள் கொண்டுவாறதுதான் வழிகாட்டியின் வேலை. ஸ்கோப்பின் பெருக்கத்தைக் குறைந்த அளவிலேயே வைச்சிருங்கோ. பற்றைக்குள் 9 மடங்கில் வைச்சால் உரோமம் மட்டும்தான் தெரியும்.

ஸ்காபரோ_அடைப்பான்:

மூன்றாவது கேள்விக்கு. நல்ல கடை ரவையில் இதே ஏ-ஃப்ரேமும் பார்ட்டிஷனும் கிடைக்குது. மச்சானுக்குக் கரடிக்கு அடைச்ச அனுபவம் இல்லையென்றால் கடை ரவையை எடுத்தாலும் ஒரு குறையும் இல்லை. கொழும்பில் நீங்கள் அடைக்கிற யோசனை வேண்டவே வேண்டாம், 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் அதை விடாது. மச்சான் அடைக்கிறார் என்றால் இதை அவருக்குக் காட்டுங்கோ.

வெடிமருந்தின் அளவை நான் இங்கே எழுத மாட்டேன், ஒருவரும் எழுதவும் கூடாது. சன்னம் செய்கிற நிறுவனத்தின் கைநூலில் அதே சன்னத்துக்கு உரிய பக்கத்தைத் திறந்து, தொடக்க அளவிலிருந்து ஏறுங்கோ. தொடக்க அளவு தரப்படாவிட்டால் உச்சத்திலிருந்து 10 வீதம் குறையுங்கோ. ஈயச் சன்னத்தின் கணக்கை முழுச்செப்புக்குப் போடக்கூடாது. அதே எடையில் செப்பு நீளம் கூட, கோதுக்குள் (ரவையின் பித்தளைக் கூடு) கூட இடம் பிடிக்கும், அழுத்தம் ஏறும். டிஎஸ்எக்ஸ் என்றால் குழலின் உள்வரிகள் தொடங்குகிற இடத்திலிருந்து 0.050 அங்குலம் பின்னே அமர்த்துங்கோ. போல்ட் தூக்க இறுகுதா, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கிற சிறு மூடி) தட்டையாகுதா, கோதின் அடியில், கோதை வெளியே தள்ளுகிற தள்ளியின் பளபளப்பான தழும்பு விழுதா, அதிலேயே நிறுத்திக் கீழே இறங்குங்கோ. கரடிக்கு 50 அடி கூடுதல் வேகத்தால் ஒரு பயனும் இல்லை. ஒட்டின கோது உயிரைக் கேட்கும்.

.375இல் எல்லாரும் விழுகிற குழி ஒன்று இருக்கு. கோதின் அடியில் பட்டி உண்டு, சேம்பரில் (குழலின் பின்முனையில் ரவை அமர்கிற அறை) ரவை நிற்பது அந்தப் பட்டியில். டையை (கோதை அளவுக்கு அமுக்குகிற அச்சு) கடை சொன்னபடி ஷெல் ஹோல்டரை (கோதைப் பிடிக்கிற தாங்கி) தொடும்வரை இறக்கினால் கோதின் தோள் (கழுத்துக்குச் சரிகிற இடம்) தேவைக்கு மேல் பின்னே போகும். ஒவ்வொரு வெடிக்கும் பட்டிக்கு மேலே பித்தளை இழுபடும். மூன்று நாலு தரத்தில் அங்கே வெளிர் வளையம் தெரியும், பிறகு கோது இரண்டாகப் பிரிந்து முன்துண்டு சேம்பருக்குள்ளேயே நின்றுவிடும். அதனால் சுட்ட கோதை எடுத்து டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தோள் 0.002 முதல் 0.003 அங்குலம் மட்டும் பின்னே போகிற இடத்தில் பூட்டுங்கோ. முனை வளைச்ச கம்பியைக் கோதுக்குள் விட்டுப் பட்டிக்கு மேலே தடவுங்கோ. பள்ளம் தடுத்தால் அந்தக் கோதை எறியுங்கோ. வேட்டைக்கு என்று வைக்கிறது ஒருதரம் மட்டும் சுட்ட கோது, அல்லது புதுக்கோது.

கோது நீளம்: .375க்கு உச்சம் 2.850 அங்குலம், வெட்டுவது 2.840க்கு. .30-06க்கு 2.494, 2.484. எல்லாம் ஒரே நீளமாக இருந்தால்தான் கிரிம்ப் (சன்னத்தைப் பிடிக்கக் கோதின் வாயை இறுக்குவது) ஒரே அளவில் விழும். .375இன் உதையில் மகசினுக்குள் இருக்கிற ரவைகள் முன்சுவரில் அடிபடும். கிரிம்ப் பிடிக்காவிட்டால் சன்னம் கோதுக்குள் தள்ளப்பட்டு அழுத்தம் தாறுமாறாக ஏறும். சோதிக்க: ஒரு ரவையின் முழு நீளத்தை அளந்து மகசினின் அடியில் வையுங்கோ, மேலே மூன்று வெடி சுடுங்கோ, பிறகு அதையே அளவுங்கோ. நீளம் மாறக்கூடாது. முழு நீள உச்சம் .375க்கு 3.600, .30-06க்கு 3.340.

ரொறன்ரோ ஜூலை வெயிலில் 30 பாகையில் ஏற்றின ரவை யூக்கனில் செப்டெம்பர் விடிய பூச்சியத்துக்குக் கீழே வேறு மாதிரி நடக்கும். வெப்பத்துக்கு அசையாத மருந்து எடுங்கோ, எச்4350 அந்த வகை. உருண்டை மணி மருந்து என்றால் குளிரில் பற்றத் தயங்கும், கைநூல் சொன்னால் மக்னம் பிரைமர் போடுங்கோ. பலகையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்துப் போத்தல். சன்னம் வைக்கமுன் டோர்ச் அடித்து எல்லாக் கோதிலும் மருந்து ஒரே மட்டமா என்று பாருங்கோ. டைக்குள் விடக் கோதில் பூசின எண்ணெயை முழுக்கத் துடையுங்கோ, மிஞ்சினால் போல்டில் பாரம் ஏறும். கடைசியில், கரடிக்குக் கொண்டுபோகிற ஒவ்வொரு ரவையையும் பாதுகாப்பான இடத்தில் மகசினிலிருந்து சேம்பருக்குள் ஏற்றி இறக்கிப் பார்க்கவேணும். ஒன்று உரசினாலும் அது பயிற்சிக்கு.

விமானத்தில் ஒருவருக்கு 5 கிலோவுக்கு மேல் ரவை விடமாட்டினம். கையால் அடைச்சதைச் சில விமான நிறுவனங்கள் ஏற்காது, பயணச்சீட்டு எடுக்கமுன் எழுத்தில் கேளுங்கோ.

கொட்டாஞ்சேனை_ரைபிள்:

சுடுகிற இடத்தையும் சேர்க்கிறேன். கரடி பக்கவாட்டாக நின்றால் முன்காலின் கோட்டிலே, உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. முதுகுத் திமிலைக் குறிபார்க்காதேங்கோ, அது தசை. எதிரே பார்த்து நின்றால் பொறுங்கோ. சாய்வாக அப்பால் திரும்பி நின்றால் எதிர்ப்பக்கத் தோளை நினைச்சுச் சுடுங்கோ. விழுந்தாலும் நிறுத்தாதேங்கோ, துவக்கைத் தோளிலிருந்து இறக்காமல் போல்டை இழுத்து அசைவு நிற்கும்வரை சுடுங்கோ. கொழுப்பும் உரோமமும் காயத்தை அடைக்கும், இரத்தத் தடம் பெரிதாய் வராது. குட்டியோடு நிற்கிற தாயைத் தொடக்கூடாது, சட்டமும் அதுதான். குட்டி பற்றைக்குள் நிற்கலாம், அவசரப்படாமல் தூரக்கண்ணாடியால் பாருங்கோ.

தோலுக்கு: வட அமெரிக்கக் கிரிஸ்லி சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் இணைப்பில் இருக்கு. கனடாவின் ஏற்றுமதி அனுமதி வேணும், இங்கே பத்தரமுல்லையில் உள்ள வனசீவராசிகள் திணைக்களத்திடம் இறக்குமதி அனுமதியும் வேணும். நம்மூர்க் கரடியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு, கடதாசி இல்லாத கரடித்தோலைச் சுங்கம் கண்டால் எந்தக் கரடி என்று விளங்கப்படுத்தப் போதுமான நேரம் தரமாட்டினம். போகமுன்னமே திணைக்களத்துக்கு விண்ணப்பியுங்கோ.

வெள்ளவத்தை_வாசன்:

மிச்சம் நன்றி. .375ஐ ஆகஸ்டில் பழகிப் பார்க்கிறன், ஆறு அங்குலம் வராவிட்டால் .30-06. மச்சானுக்குப் பட்டிக் கோது விசயத்தைப் படித்துக் காட்டினேன். டையை ஷெல் ஹோல்டரில் முட்டவிட்டுத்தான் இவ்வளவு நாளும் அடைச்சவராம். இன்றைக்குக் கம்பி வளைச்சுப் பழைய கோதெல்லாம் தடவிப் பார்க்கிறார், 20இல் 7க்குப் பள்ளம் தடுக்குதாம். அந்த 7ஐ மட்டும் எறிந்தால் போதுமா, மற்ற 13ஐயும் எறியவேணுமா?

ஸ்காபரோ_அடைப்பான்:

ஒரே பெட்டி, ஒரே எண்ணிக்கைத் தரம் சுட்டது என்றால் 20ஐயும் எறியுங்கோ. எறியமுன் வாயை இடுக்கியால் நசுக்குங்கோ, வேறு ஒருவர் எடுத்து அடைக்காமல் இருக்க.