புதுப்பிப்பு: பால் குடிக்கும்போது கடிக்கும் மகள்

ஒன்றரை வயது மகள் கடித்துக் காம்பு வெடித்துவிட்டது, பாலை நிறுத்திவிடலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். நிறுத்தவில்லை. இப்போது எவ்வளவோ தேவலை.

அல்சூரில் ஒரு பாலூட்டல் ஆலோசகரைப் பார்த்தோம். குழந்தை உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொண்டு நீண்டிருக்குமாம். அந்த நிலையில் கடிக்கவே முடியாது. கடிக்கிறாள் என்றால் குடித்து முடித்துவிட்டு விளையாடுகிறாள், அல்லது தூங்கிப்போகிறாள். அதனால் இப்போது போனைத் தள்ளி வைத்துவிட்டு அவள் தாடையைத்தான் பார்க்கிறேன். விழுங்கும் சத்தம் நின்று தாடை இறுகுகிறதா, உடனே வாயோரம் சுண்டுவிரலை நுழைத்து, ஈறுகளுக்கு நடுவே வைத்து விடுவிக்கிறேன். வெடுக்கென்று இழுத்தால் புண் இன்னும் பெரிதாகும். "கடிச்சா அம்மாவுக்கு வலிக்கும்டி, பால் அப்புறம்" என்று சொல்லி மூடிவிடுவேன். கொஞ்சம் அழுவாள், அவ்வளவுதான்.

கடைவாய்ப் பல் முளைக்கிற நேரம் வேறு. பால் கொடுக்கும் முன் ஃப்ரிட்ஜில் வைத்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுத்தால் ஈறு அடங்குகிறது.

மாமியார் வேப்பிலை அரைத்துத் தடவச் சொன்னார். அது பால் மறக்கடிக்கிற வைத்தியம் அத்தை, நமக்கு இப்போது வேண்டாம் என்றேன். உலக சுகாதார நிறுவனமே 2 வயதுக்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது என்றதும் சரி என்றுவிட்டார்.

விடியற்காலைப் பால்தான் இன்னும் தகராறு. அரைத்தூக்கத்தில் காம்பு நுனியை மட்டும் கவ்வுகிறாள். வயிற்றோடு வயிறு ஒட்டப் படுக்கவைத்து, வாயை அகலத் திறந்தபின் கொடுத்துப் பார்க்கிறேன்.