கழுத்துச் சுழியில் முடி உள்ளே சுருளுது, வழி சொல்லுங்க

காரைக்குடி, தேவகோட்டை சலூன்கார அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். மூணு பிளேடு ரேசர் முடியை இழுத்து வெட்டுது. முனை தோலுக்குள்ள போய், சுருட்டை முடின்னா வளைஞ்சு அங்கேயே குத்திக் கொப்புளமாகுது. அதனால இப்போ நம்ம கடையில வர்றவங்களுக்கு வெந்நீர்த் துணி 5 நிமிஷம், ஒற்றை பிளேடு, முடி படியுற திசையில மட்டும் மழிப்பு. தோலை இழுத்துப் பிடிக்கிறதில்லை. தாடையில சரியாயிடுச்சு. காலர் உரசுற கழுத்துச் சுழியிலதான் (முடி சுத்திச் சுத்தி முளைக்கிற இடம்) விடமாட்டேங்குது, அதுவும் இந்தச் சித்திரை வேர்வையில!

அங்கே டிரிம்மர்ல 1 மி.மீ. விட்டா போதுமா? தோல்மேல செத்த செல்லை உரிக்கிற 2% சாலிசிலிக் அமிலம் வாரம் எத்தனை நாள் போடச் சொல்றீங்க? ஊசியால நோண்டச் சொல்லாதீங்க, கறுப்புத் தழும்புதான் மிஞ்சும். சீழ் வச்சா தோல் டாக்டர்கிட்ட அனுப்பிடுவோம். (ஒரே படிகாரக் கல்லை எல்லாருக்கும் தேய்க்கிறதையும் விடுங்கப்பா.)