99 சதவீத எதனோலாம், அதுவும் ஒரே கொலத்தில்!

டிரையர் ஐயா (ஹட்டன்):
போன வாரம் 'படிகம்' தம்பி இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். இரசாயன ஆலைக்கும் மருந்து ஆலைக்கும் இனிமேல் பைலட் பிளான்ட் என்கிற சின்னச் சோதனை ஆலை தேவையில்லையாம், ஆலையைக் கணினியிலேயே கணக்குப் போட்டு ஓட்டிப் பார்க்கிற ப்ரொசஸ் மொடலிங் மென்பொருள் இருந்தால் போதுமாம். சாட்சிக்கு ஒரு படம். தண்ணீர் கலந்த எதனோலை (மதுசாரத்தை) ஒரே கொலத்தில், அதாவது ஒரே வடிகோபுரத்தில், காய்ச்சி வடித்து 99 சதவீதம் எடுத்திருக்கிறார். தேயிலை பெக்டரியை விட்ட பிறகு சொல்வென்ட் (கரைப்பான்) மீட்கிற ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்தவன் நான். சாதாரண அமுக்கத்தில் 95.6-க்கு மேல் ஏறாது தம்பி. அந்த இடத்தில் ஆவியும் திரவமும் ஒரே சேர்மானத்துக்கு வந்துவிடும், பிரிக்க எதுவும் மிஞ்சாது. பிதுருதலாகலை உயரத்துக்குக் கொலம் கட்டினாலும் 95.6 தான்.

படிகம் (கண்டி):
வணக்கம் ஐயா. நான் எழுதியது ஒரு துறையைப் பற்றி, நீங்கள் பிடித்துக்கொண்டது ஒரு ஸ்க்ரீன்ஷொட்டை. உற்பத்தி நடக்கும்போதே அளந்து கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004-லேயே வழிகாட்டி வெளியிட்டது. 2015-இல் வெர்டெக்ஸ் நிறுவனத்தின் ஒர்காம்பி மருந்து, நிறுத்தாமல் ஓடும் தொடர் உற்பத்தி முறையோடு அனுமதி வாங்கியது. 2016-இல் ஜான்சென் தன் ப்ரெசிஸ்டா மருந்தை, தொகுதி தொகுதியாகச் செய்யும் பெட்ச் முறையிலிருந்து தொடர் முறைக்கு மாற்ற அனுமதி வாங்கியது. இதெல்லாம் மொடல் இல்லாமல், கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்தா நடந்தது?

டிரையர் ஐயா:
ஒர்காம்பிக்கு வாழ்த்துகள். 99 எப்படி வந்தது?

நானுஓயா ரயில்:
ஒரு சின்னக் கேள்வி. திணிவிலா, கனவளவிலா, மூலிலா (மூலக்கூற்று எண்ணிக்கையிலா)? 95.6 என்பது திணிவுக் கணக்கு. கனவளவில் அதுவே 97 பக்கம் வரும், மூலில் 89 சொச்சம். இரண்டு பேரும் எதில் பேசுகிறீர்கள்?

டிரையர் ஐயா:
எதில் பேசினாலும் 99 வராது.

படிகம்:
95.6 ஒன்றும் வேதவாக்கு இல்லை. அமுக்கத்தை 70 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே இறக்கினால் அந்தத் தடையே இல்லாமல் போய்விடும். இது தெரியாதவர்கள் ஷிப்ட் பார்த்த கதை சொல்கிறார்கள்.

டிரையர் ஐயா:
உங்கள் படத்தில் அமுக்கம் 1 வளிமண்டலம். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தேன். பக்கத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது: கணிப்பு முறை 'ஐடியல்', அதாவது கலவைக்குள் எல்லா மூலக்கூறுகளும் ஒரே மாதிரிப் பழகும் என்று எடுத்துக்கொள்வது. எதனோலும் தண்ணீரும் அப்படிப்பட்ட கலவைக்குரிய ராவுல்ட் விதிக்கு அடங்கி நடக்கிற ஆட்களா? அப்படிப் பழகாத கலவைகளுக்கென்று 1968-இல் வந்த என்ஆர்டிஎல் சமன்பாட்டைத் தெரிவு செய்து, இந்தச் சோடிக்குரிய மாறிலிகளைக் கொடுத்திருந்தால் உங்கள் மென்பொருளே 95.6-இல் நின்றிருக்கும். அந்த மாறிலிகள் எங்கிருந்து வந்தன? யாரோ ஒருவர் ஆய்வுகூடத்தில் உட்கார்ந்து, கொதிக்க வைத்து, அளந்து எடுத்தவை. அளக்கிற வேலையே வேண்டாம் என்கிறவர் அளந்தவன் சோற்றைத்தான் சாப்பிடுகிறார்.

கம்பளைக்காரி:
அப்படியென்றால் மென்பொருளில் பிழையில்லை, ஓட்டினவர் முறையைத் தவறாகத் தெரிவு செய்தார் என்றுதானே ஐயா அர்த்தம்? பிறகு ஏன் மென்பொருளைப் போட்டு அடிக்கிறீர்கள்?

டிரையர் ஐயா:
தங்கச்சி, நான் அடிப்பது 99-ஐ.

படிகம்:
யூனிஃபாக் என்கிற கணிப்பு முறை 1975-லேயே வந்துவிட்டது. மூலக்கூற்றின் துண்டுகளை வைத்தே கணித்துவிடும், அந்தச் சோடியை யாரும் அளந்திருக்கத் தேவையில்லை. ஐயா இரவு ஷிப்டில் தூங்கிவிட்டார் போல.

டிரையர் ஐயா:
துண்டுகளுக்குரிய எண்களை யார் கொடுத்தார்கள்? அதுவும் அளந்த தரவுதான். தூங்கியிருந்தால் கொலத்தின் அடியில் கொதிக்க வைக்கிற ரீபொய்லர் எழுப்பியிருக்கும். 99.5 வேண்டும் என்றால் 95-ஐ எடுத்து, தண்ணீரை மட்டும் உறிஞ்சிப் பிடிக்கிற 3ஏ மூலக்கூற்றுச் சல்லடையில் விட வேண்டும். நாங்கள் விட்டோம். படத்தில் சல்லடை எங்கே?

லபுக்கலைப் பொடியன்:
நுவரெலியா 1,868 மீற்றர். இங்கே தண்ணீரே 94 பாகை அளவில் கொதித்துவிடுகிறது. அப்படியானால் இங்கே 95.6 பொருந்துமா?

படிகம்:
அருமையான கேள்வி! அமுக்கம் குறைந்தால் அந்த எண் மேலே போகும். ஐயாவின் 95.6 கடற்கரைக்காரர் எண். ஹட்டனில் இருந்துகொண்டு அதை ஓதுகிறார்.

டிரையர் ஐயா:
மயிரிழை அளவு போகும். 99 ஆகாது.

படிகம்:
மாறும் என்று ஒத்துக்கொண்டீர்கள், எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

டிரையர் ஐயா:
ஒத்துக்கொள்ளவில்லை. மயிரிழை என்றேன். போன வருடம் டிரையர் வெப்பநிலை விவாதத்திலும் இப்படித்தான், பாதி வரியை வெட்டி எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கக் கொண்டுபோனீர்கள். அதை நான் மறக்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை இருந்தால் ஒரு மழை நாள் கொழுந்தை மொடல் பண்ணுங்கள் பார்ப்போம். ஈரம் 80-க்குப் பக்கம், வாட்டி, உருட்டி, ஒட்சியேற விட்டு, 3 சதவீதத்தில் வெளியே வர வேண்டும். கருகவும் கூடாது.

படிகம்:
லயத்தில் பிறந்து பேராதனை வரை போய் இரசாயனப் பொறியியல் படித்தவன் நான். மழைக் கொழுந்தை என் அம்மா கூடையில் சுமந்தார். எனக்குக் கொழுந்துப் பாடம் வேண்டாம்.

கம்பளைக்காரி:
எங்கள் அம்மாமார் எல்லோரும்தான் சுமந்தார்கள். இதில் அவர்களை ஏன் இழுக்கிறீர்கள்?

நானுஓயா ரயில்:
திணிவுதானே? யாராவது சொல்லுங்களேன்.

டிரையர் ஐயா:
படிப்பை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். படத்தில் தெரிவது அஸ்பென் பிளஸ் என்கிற மொடலிங் மென்பொருள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1970-களில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வந்தது, இன்று அதன் லைசன்ஸ் சாதாரண ஆள் வாங்கும் விலையில் இல்லை. வீட்டில் இருந்து ஓட்டினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லைசன்ஸ் யாருடையது?

படிகம்:
இதற்கும் எதனோலுக்கும் என்ன சம்பந்தம்?

லபுக்கலைப் பொடியன்:
அதே வேலை செய்கிற டிடபிள்யூசிம் மென்பொருள் இலவசம். என்ஆர்டிஎல்லும் அதில் இருக்கிறது. சும்மா சொன்னேன்.

படிகம்:
இலவசத்தில் விளையாடுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

லபுக்கலைப் பொடியன்:
ஓ, திருடி விளையாடினால் பேசுவீர்களா?

டிரையர் ஐயா:
பொடியன் பேசட்டும், தடுக்காதீர்கள். தம்பி இன்னும் லைசன்ஸுக்குப் பதில் சொல்லவில்லை. நாளைக்கு அதற்கென்றே தனி இழை திறக்கிறேன். 99-ஐயும் அங்கேயே கேட்பேன்.