ஹிஸ்டீரியாவில் டிரம் அடித்தது ஆளா, பெட்டியா?

பாளை பாஸ்டன்:
நேற்று டவுண் லெப்பர்ட் அண்ணாச்சி இங்கே ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறார். மெலடியான ஹார்ட் ராக்கில் 1987-இல் டெஃப் லெப்பர்ட் குழு போட்ட ஹிஸ்டீரியா ஆல்பம்தான் சிகரமாம், பாஸ்டன் குழுவின் முதல் ஆல்பம் அதற்கு ஒத்திகையாம். ஒத்திகை! படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

1976-இல் வந்த ஆல்பம் அது. பாஸ்டனின் தலை டாம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.யில் படித்தவர், போலராய்டு கம்பெனியில் இன்ஜினியர். வீட்டின் அடித்தளத்தில் உட்கார்ந்து கிட்டார், பேஸ், ஆர்கன் என்று பெரும்பாலானதைத் தானே வாசித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். ரெக்கார்ட் கம்பெனி இதெல்லாம் ஆகாது, ஒழுங்கான ஸ்டுடியோவில் மறுபடி பதிவு செய் என்றது. தயாரிப்பாளர் ஜான் பாய்லன் மற்ற ஆட்களை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கூட்டிப் போய் கம்பெனிக்குப் போக்குக் காட்டினார். ஷோல்ஸ் தன் பாட்டுக்கு வீட்டிலேயே வேலையை முடித்தார். அமெரிக்காவில் மட்டும் 17 பிளாட்டினம், அதாவது 1 கோடியே 70 லட்சம் பிரதி. பின்னால் வந்த ஆல்பத்து அட்டையில் சிந்தசைசர் இல்லை என்று அச்சடித்தே விட்டார்கள். அவ்வளவு ரோஷம்.

அண்ணாச்சியிடம் நான் கேட்பது ஒரே கேள்வி. ஹிஸ்டீரியாவில் டிரம் அடித்தது ஆளா, பெட்டியா?

டவுண் லெப்பர்ட்:
வாரும் வே. உம்மைக் காணோமே என்று இப்போதுதான் நினைத்தேன்.

டெஃப் லெப்பர்டின் டிரம்மர் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கையை இழந்தார். அந்தக் கை அடிக்க வேண்டியதைக் காலால் மிதித்து வாசிக்கப் பழகினார். 1986-இல் இங்கிலாந்தின் டோனிங்டன் ராக் விழாவில் மேடை ஏறி ஆயிரக்கணக்கான பேர் முன்னால் வாசித்தார். அந்த மனுஷனைப் பற்றிப் பேசும்போது ஆளா பெட்டியா என்று கேட்க உமக்கு எப்படி மனசு வருகிறது?

பாளை பாஸ்டன்:
அனுதாப ஓட்டெல்லாம் தேர்தலில் கேளுங்கள். மேடையில் அடித்தார், கையெடுத்துக் கும்பிடுகிறேன். நான் கேட்டது ஆல்பத்தை. அதில் நம் காதில் விழுவது ஃபேர்லைட் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த சத்தம். 1983-இல் வந்த அவர்களுடைய முந்தைய ஆல்பம் பைரோமேனியாவில், ஆலனுக்கு இரண்டு கையும் இருந்தபோதே, தயாரிப்பாளர் மட் லேங் டிரம்மைக் கம்ப்யூட்டரில்தான் அடுக்கினார். சிம்பலைத்தான் கையால் அடிக்க விட்டார். ஆக, விபத்தைக் காரணம் காட்ட வழியில்லை. மறுபடியும் கேட்கிறேன்: ஆளா, பெட்டியா?

டவுண் லெப்பர்ட்:
மட் லேங் யார் தெரியுமா? 1980-இல் ஏசி/டிசி குழுவுக்கு பேக் இன் பிளாக் ஆல்பம் செய்து கொடுத்தவர். அடுத்த வருஷம் ஃபாரினர் குழுவுக்கு "4" என்ற ஆல்பம். அந்தக் காது தப்பாகக் கேட்காது. ஹிஸ்டீரியாவில் 12 பாட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல், அதில் ஏழு சிங்கிள். ஒதுக்கித் தள்ள ஒன்றுமில்லை.

பெட்டி, பெட்டி என்று குதிக்கிறீரே, அந்த ஆல்பத்துக் கிட்டார் எந்தப் பெட்டி வழியாகப் போனது? ராக்மேன். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஆம்ப். அதைக் கண்டுபிடித்தவர் யார்? உம்முடைய டாம் ஷோல்ஸ்! எங்கள் ஆல்பத்தின் கிட்டாரில் உங்கள் சாமிதான் குடியிருக்கிறது. இப்போது திட்டும்.

பாளை பாஸ்டன்:
நன்றி. எங்கள் ஆள் இல்லாமல் உங்கள் சிகரம் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ராக்மேனை மேசையில் வைத்துவிட்டுப் போனால் சத்தம் வருமா? ஒருத்தன் கிட்டாரைப் பிடிக்க வேண்டும். டிரம் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். அதுதான் வித்தியாசம். டிரம்முக்குப் பதில் இன்னும் வரவில்லை.

மேலப்பாளையம் டோட்டோ:
இரண்டு பேரும் வீணாகத் தொண்டையைக் காயப் போடுகிறீர்கள். மெருகு என்றால் டோட்டோ குழுவின் 1982 ஆல்பம் டோட்டோ IV. மறுவருஷம் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம். இவர்களில் பலர் மைக்கேல் ஜாக்சனின் திரில்லரிலும் வாசித்தவர்கள். டோட்டோவின் டிரம்மர் ஜெஃப் போர்காரோ ஸ்னேர் டிரம்மில் குச்சியை உருட்டினால் அது பட்டு. கையால், பாய், கையால்!

டவுண் லெப்பர்ட்:
அதே ஆல்பத்தில் ஆப்பிரிக்கா பாட்டுக்கு டேப்பை வெட்டி ஒட்டிச் சுற்ற விட்டது யார் பாய்?

மேலப்பாளையம் டோட்டோ:
அந்த டேப்பில் இருப்பது போர்காரோவும் தாளக் கலைஞர் லென்னி காஸ்ட்ரோவும் கையால் வாசித்தது. கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து இதோடு சேர்க்காதீர்கள்.

பாளை பாஸ்டன்:
பாய், கோபிக்காதீர்கள். டோட்டோ எங்கள் பெரியம்மாவுக்கே பிடிக்கும். அங்கேயே தெரிகிறதே அதில் எவ்வளவு ராக் இருக்கிறதென்று.

மேலப்பாளையம் டோட்டோ:
உங்கள் பெரியம்மாவுக்கு ரசனை இருக்கிறது. அது வீட்டில் மற்றவர்களுக்கு இறங்கவில்லை.

கொக்கிரகுளம் ஆல்டோ:
டிரம், டிரம், டிரம். குரலைப் பற்றி ஒருத்தராவது பேசினீர்களா? பாஸ்டனில் பாடகர் பிராட் டெல்ப் தன் குரலையே பல அடுக்காகப் பாடியிருக்கிறார். சர்ச் கொயரில் நாலு பாகம் பாடிப் பழகின காதுக்கு அதில் மேல் குரலையும் நடுக் குரலையும் தனித்தனியே பிடித்துக்கொண்டு கூடவே பாட முடியும். ஹிஸ்டீரியா கோரஸில் அது நடக்காது. எத்தனை வாய் என்றே தெரியாத அளவுக்கு உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். கேட்க ஜோராக இருக்கும், உள்ளே நுழைய இடமிருக்காது. என் ஓட்டு பாஸ்டனுக்கு. ஆனால் ஹிஸ்டீரியா கோரஸ் மாதிரிப் பாடி எடுப்பது லேசான வேலை இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

பாளை பாஸ்டன்:
அருமை அக்கா. ஓட்டுக்கு நன்றி. ஆனால் அந்தக் கோரஸுக்குப் பின்னால் டிரம் அடிப்பது ஆளா...

கொக்கிரகுளம் ஆல்டோ:
ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

தென்காசித் தென்றல்:
இந்த எண்ணெய் தேய்த்துச் சீவின ஆல்பமெல்லாம் 1991-இல் நிர்வாணா குழுவின் நெவர்மைண்ட் வந்ததும் குப்பைக்குப் போய்விட்டது. செத்த பாம்பை அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

டவுண் லெப்பர்ட்:
தம்பி, நெவர்மைண்டை ஆண்டி வாலஸ் மிக்ஸ் செய்த பிறகு, இது அளவுக்கு மீறி மெருகாகிவிட்டது என்று அதன் பாடகர் கர்ட் கோபெய்னே புலம்பினார். நீங்களும் எங்கள் தெருதான். பின்வாசல் வழியாக வந்திருக்கிறீர்கள்.

பாளை பாஸ்டன்:
தென்காசி 2019-இலேயே தனி மாவட்டம் ஆகிவிட்டது. இது நெல்லைப் பஞ்சாயத்து.

தென்காசித் தென்றல்:
அப்படியா? சாரல் விழுந்தால் மட்டும் குற்றாலம் "நம்ம ஊர்" ஆகிவிடுமே, அப்போது மாவட்டம் ஞாபகம் வராதா?

டவுண் லெப்பர்ட்:
குற்றாலத்தை விடுங்கள். பாளைக்காரருக்கு ஒன்று சொல்கிறேன். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூணைத் தட்டினால் சுரம் வருகிறது. சுரத்தைக் கல்லில் வைத்தவன் சிற்பி. தட்டுகிறவன் எவனோ. பாராட்டு யாருக்கு? சிற்பிக்குத்தானே! மட் லேங் அந்த சிற்பி. ஒவ்வொரு அடியும் எங்கே விழ வேண்டும், எந்தச் சத்தத்தில் விழ வேண்டும் என்று செதுக்கி வைத்தார். அதை எந்தக் கை அடித்தால் என்ன?

பாளை பாஸ்டன்:
கோயில் தூணையும் வழக்குக்கு சாட்சியாக இழுத்தாச்சு. நல்லது. அந்தத் தூண் தானாகப் பாடுமா? ஆள் தட்ட வேண்டும்! நான் சொல்வதையே தூணும் சொல்கிறது.

அண்ணாச்சிக்கு ஏன் பெட்டி மேல் இவ்வளவு பாசம் என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. இவருடைய மெல்லிசைக் குழுவில் ஒரு காலத்தில் டிரம்ஸ் இருந்தது. ஊர் ஊராகக் கொடைக்குப் போனோம். ஒரு சீசனில் ரிதம் பேட் வாங்கினார். வேனில் இடம் மிச்சம், சம்பளம் மிச்சம். டிரம்மரிடம் "அடுத்த கொடைக்குச் சொல்லி அனுப்புகிறேன்" என்றார். டிரம்மர் இன்னும் காத்திருக்கிறான். அவன் யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

மேலப்பாளையம் டோட்டோ:
சொல்லவே வேண்டாம் பாய்.

டவுண் லெப்பர்ட்:
சபையில் எடுத்துவிட்டாரா? சரி, மிச்சத்தையும் கேளுங்கள். அந்த டிரம்மருக்குத் தாளம் ஓடும். பல்லவியில் நடந்து வருவார், சரணத்தில் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடுவார். பாடுகிற பிள்ளை மூச்சு வாங்கி நிற்கும். ரிதம் பேட் ஓடவில்லை வே. அதுதான் அதன் தப்பு.

பாளை பாஸ்டன்:
ஓடியது டிரம்மரில்லை. கீபோர்டுக்காரர் இழுத்தார், நான் தாளத்தைக் காப்பாற்றினேன். கீபோர்டு வாசித்தது யார் அண்ணாச்சி?

கொக்கிரகுளம் ஆல்டோ:
இதற்கும் டெஃப் லெப்பர்டுக்கும் என்ன சம்பந்தம்?

பாளை பாஸ்டன்:
நிறைய இருக்கிறது அக்கா. தாளம் கொஞ்சம் ஓடினால்தான் உயிர். பாஸ்டனில் சிப் ஹாஷியன் அடிப்பதைக் கேளுங்கள், மூச்சு இருக்கும்.

டவுண் லெப்பர்ட்:
அவர் அடித்ததில் பல அதற்கு முன்னால் இருந்த ஜிம் மஸ்டியா அமைத்துக் கொடுத்த தாளம். அந்த ஆளை ரெக்கார்ட் கம்பெனி வேண்டாம் என்றது. உங்கள் ஷோல்ஸ் குழுவிலும் டிரம்மரை மாற்றியிருக்கிறார்கள், தெரிகிறதா?

பாளை பாஸ்டன்:
மாற்றினார்கள். இன்னொரு ஆளைப் போட்டார்கள். ஆளை! பெட்டியை இல்லை! எத்தனை தடவை எழுதுவது?

தென்காசித் தென்றல்:
எட்டாவது தடவை இருக்கும்.

டவுண் லெப்பர்ட்:
அந்த ஷோல்ஸ் 1978-க்கு அப்புறம் அடுத்த ஆல்பம் போட எட்டு வருஷம் எடுத்தார். பெட்டி வைத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

பாளை பாஸ்டன்:
பைரோமேனியாவுக்கு அப்புறம் உங்களுக்கு நாலு வருஷம். பெட்டி இருந்துமே.

மேலப்பாளையம் டோட்டோ:
அந்தப் பழைய டிரம் செட் இப்போது எங்கே அண்ணாச்சி? சும்மா கிடந்தால் எங்கள் பையன் படிக்கக் கொடுங்களேன், வாடகை தருகிறேன்.

டவுண் லெப்பர்ட்:
மாடியில் இருக்கிறது பாய். ஸ்னேர் மட்டும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு போனவர் இங்கேதான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பாளை பாஸ்டன்:
அது என் ஸ்னேர்.