ரெண்டு பேர் மட்டும் ஓட்ட 32 அடியா, 38 அடியா?

குளச்சல் வள்ளம்:
நானும் வீட்டுக்காரியும் மட்டும் ஓட்ட பழைய பாய்மரப் படகு பார்க்கிறோம். கொச்சியில் நிறுத்திட்டு, டிசம்பரில் மினிக்காய் வரை போக ஆசை. வள்ளம் பழக்கம் உண்டு, அடியில எடைக்காகக் கீல் வச்ச படகு புதுசு. 32 அடியும் 38 அடியும் விலைக்கு இருக்கு. போய்ப் பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்கணும்?

கொண்டல்:
நீளத்தை விடுங்க அண்ணாச்சி, பாயோட பரப்பைக் கேளுங்க. ஒருத்தர் தூங்கும்போது மத்தவர் தனி ஆள்தானே. ஒரே பாய் 40 சதுர மீட்டரைத் தாண்டினா, காத்து பெலக்கும்போது தனியா சுருக்குறது பெரும்பாடு. பாயைச் சுருக்குற ரீஃப் கயிறுகள், சுக்கான் பிடிக்கிற இடமான காக்பிட் வரை வருதுன்னு சொல்லி விப்பாங்க. வழியில எத்தனை கப்பின்னு எண்ணுங்க. திருப்பத்துக்குத் திருப்பம் உராய்வு ஏறி, கயிறைச் சுத்தி இழுக்கிற வின்ச் இருந்தும் கயிறு நகராது. படகுல ஏறினதும் நீங்களே ஒரு தடவை சுருக்கிப் பாருங்க.

நங்கூரச் சங்கிலி 10 மி.மீ.ன்னா மீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ, 50 மீட்டர் 115 கிலோ. சின்னப் படகுல அது மூக்கை அமுக்கும். 32 அடிக்கு 8 மி.மீ. போதும், 70 கிலோதான். எதுவானாலும் நங்கூரத்தை இழுக்கிற மின் விண்ட்லாஸ் வேணும்.

டிசம்பர் வேண்டாம். ஒக்கி புயல் 2017 நவம்பர் கடைசியில நம்ம கடலைக் கலக்கிட்டு லட்சத்தீவுப் பக்கம்தான் போச்சு. பிப்ரவரி நல்லது.

முட்டம் பையன்:
கடற்படையோட பாய்மரப் படகு தாரிணி 56 அடி. தில்னாவும் ரூபாவும் 2024 அக்டோபர்ல கிளம்பி 2025 மே மாசம் உலகத்தையே சுத்தி வந்தாங்களே?

கச்சான்:
தம்பி, அவங்க கடற்படை அதிகாரிகள், வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்தவங்க. அதை இதோட சேர்க்காதீங்க.

அண்ணாச்சி, படகு கவிழுற ஆபத்தைப் பார்க்க ஒரு கணக்கு போடுங்க: எடையைப் பவுண்டில் எடுத்து 64-ஆல் வகுத்து, கனமூலம் கண்டு, அதால் அகலத்தை (அடியில்) வகுக்கணும். 2-க்குக் கீழே வரணும். கான்டெஸ்ஸா 32-ன்னு ஒரு 32 அடிப் படகு மாடலுக்கு 9.5 அடி அகலம், 9,500 பவுண்ட், விடை 1.8. ஆனா எடை மேலே இருக்கா, கீலில் இருக்கான்னு இந்தக் கணக்குக்குத் தெரியாது. அதனால நிலைத்தன்மை வரைபடத்தையும் கேட்டு வாங்குங்க.

படகைக் கரையேத்தி, சுக்கானோட அடி நுனியைப் பிடிச்சு ஆட்டுங்க. லொடலொடன்னா பேரிங் தேய்ஞ்சிருக்கு. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பிகள் தளத்தில் மாட்டுற தகட்டுக்குக் கீழே, கேபினுக்குள்ள பழுப்புக் கோடு வடிஞ்சிருந்தா தண்ணி இறங்கி எஃகு அரிச்சிருக்கும். வெளியே பளபளன்னுதான் தெரியும்.

கடைசியா, நாலு 20 லிட்டர் தண்ணி கேனைச் சேர்த்துக் கட்டி, பாயை ஏத்துற கயிறான ஹேலியார்டில் மாட்டுங்க. உங்க வீட்டம்மா தனியா வின்ச் சுத்தி, கைப்பிடிக் கம்பிக்கு மேலே அதைத் தூக்கட்டும். நீங்க கடலில் விழுந்தா தூக்க வேண்டியது அவங்கதான்.

குளச்சல் வள்ளம்:
அவளுக்கு இதைக் காட்டிட்டேன். கேன் இப்பவே வாங்கச் சொல்லுறா.