ராத்திரி ஜாப் ‘சக்சஸ்’னு சொல்லுது, தொகை இடிக்குது: எக்செப்ஷனை எங்கே பிடிக்கறது?

நூல்கண்டு: வணக்கம். கடைகள்ல இருந்து வர்ற சிஎஸ்வி ஃபைல்களை ராத்திரி டேட்டாபேஸ்ல ஏத்தற பைதான் ஸ்கிரிப்ட், முன்னாடி இருந்தவர் எழுதினது. லூப்புக்குள்ள ஒவ்வொரு வரிக்கும் ட்ரை, கீழே வெறும் ‘எக்செப்ட்: பாஸ்’, அதாவது எந்த எக்செப்ஷன் (ஓடும்போது வர்ற எரர்) வந்தாலும் கண்டுக்காம அடுத்ததுக்குப் போயிடும். லாக் சுத்தமா இருக்கு, அக்கவுண்ட்ஸ்ல கூட்டினா தொகை இடிக்குது. ட்ரையைத் தூக்கிட்டா ஒரு கெட்ட வரிக்காக மொத்த ஜாபும் நின்னுடுமே? ஜாப் நிக்கவே கூடாதுங்கறார் மேனேஜர்.

வள்ளி_பேக்எண்ட்: நிக்கக் கூடாதுங்கறது வேற, வாயைப் பொத்திக்கிட்டு ஓடறது வேற. வெறும் எக்செப்ட், நாம நிறுத்தச் சொன்னா வர்ற கீபோர்ட்இன்டரப்டையும் சேர்த்து முழுங்கும். கண்ட்ரோல்-சி அழுத்தியும் லூப் ஓடியிருக்குமே, பார்த்தீங்களா?

தொகையை மாத்தற வரியை மட்டும் ட்ரைக்குள்ள வைங்க. ‘1,250.00’னு கமாவோட இருக்கறதை ஃப்ளோட்டுக்கு (எழுத்தை தசம எண்ணா மாத்தறது) கொடுத்தா வேல்யூஎரர் வரும். அதை மட்டும் பிடிச்சு, ஃபைல் பேர், வரி எண், அந்த வரி அப்படியே, மூணையும் ரிஜெக்ட் ஃபைல்ல எழுதிட்டு அடுத்ததுக்குப் போங்க. டேட்டாபேஸ் கனெக்ஷன் அறுந்தா பிடிக்காதீங்க. அடுத்த வரியும் எப்படியும் ஏறாது. ஜாப் சாகட்டும், எக்ஸிட் கோட் 1-ஆ (தோல்வின்னு அர்த்தம்) வெளியே வரட்டும். அப்பதான் ஜாபை நேரத்துக்கு ஓட்டற ஷெட்யூலர்ல சிவப்பு எரியும், மேனேஜருக்கும் தெரியும்.

நூல்கண்டு: நன்றிக்கா. இப்போதைக்குப் பிடிச்ச எரரை பிரிண்ட் பண்ணிப் பார்த்தேன். சில ஃபைலுக்கு ‘பில்_நம்பர்’னு மட்டும் வருது, வேற ஒண்ணும் இல்ல. இது என்ன எரர்?

வள்ளி_பேக்எண்ட்: கீஎரர். அதை பிரிண்ட் பண்ணினா இல்லாத கீயோட (இங்க காலம்) பேர் மட்டும்தான் வரும். எக்செப்ட் பிளாக்குக்குள்ள லாகிங்.எக்செப்ஷன் போடுங்க, எரரோட வகையும், எந்த வரியில வந்துச்சுன்னு காட்டற ட்ரேஸ்பேக்கும் தானா வந்துடும். அதுக்காக ஒவ்வொரு ஃபங்ஷன்லயும் லாக் பண்ணி, திரும்ப ரெய்ஸ் பண்ணாதீங்க (மேலே தூக்கி விடாதீங்க). ஒரே எரர் நாலு தடவை வந்து கிடக்கும், படிக்கறவன் நாலு பிரச்சினைன்னு நினைப்பான்.

டிக்ட்ரீடர்ல (சிஎஸ்வி வரியை காலம் பேர் வெச்சுப் படிக்கறது) கீஎரர்னா ஹெட்டரே, அதாவது காலம் பேர் இருக்கற முதல் வரியே மாறியிருக்கு. அங்க வரி வரியா ரிஜெக்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல, அந்த ஃபைலையே ஒதுக்கி வைங்க.

சும்மா_ஒரு_டெவ்: வரியை அப்படியே எழுதினா கஸ்டமர் போன் நம்பரும் ரிஜெக்ட் ஃபைலுக்குப் போகும், பெர்மிஷன் பாருங்க. அப்புறம் ஒரு வரம்பு வேணும். பாதி ஃபைல் ரிஜெக்ட் ஆகியும் ‘சக்சஸ்’னு முடிஞ்சா பழைய கதைதான்.

நூல்கண்டு: ரிஜெக்ட் ஃபைலைத் திறந்தேன். எல்லாமே ஆயிரத்துக்கு மேல, கமா போட்டு இருக்கற பில்லுங்க! அதான் இவ்வளவு இடிச்சிருக்கு.